நான் ஜெயித்த கோட்டு

அக்கா,

உன் கூறைச்சேலையின் விலை ஜப்பான் நோட்டில் நாற்பது வெள்ளியாம். நேற்றுதான் தெரிந்தது.

டோக்கியோவில் படிக்கப் போகிறவனுக்குக் கம்பளிக் கோட்டு வேண்டாமா? தெங்கேராக் கடைத்தெருவில் எண்பது சொன்னதை நாற்பதுக்குப் பேசி முடித்தேன் என்று தெருவெல்லாம் பீற்றினேன். நீ முன்னாலேயே போய்ச் சேலையைக் கொடுத்து, "அவன்கிட்ட தோத்த மாதிரி நடிங்க முதலாளி, இல்லேன்னா குளிருல செத்தாலும் வாங்கமாட்டான்" என்றாயாமே! கடைக்கார அப்பாசாமி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

போகாதே என்று மூன்று நாளாக முகம் கொடுக்காதவளும் நீதானே?

உன்னை எழுப்பினால் இருவரும் அழுவோம். மரவள்ளிக்கிழங்கு சட்டியில் இருக்கிறது, ஆறிப்போகுமுன் சாப்பிடு. சாவி ஜன்னல் மேல்.

லாரி வந்துவிட்டது. இந்தப் புழுக்கத்திலும் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன்.

மருதமுத்து

பி.கு: கணக்குப் பார்த்தேன். எனக்குக் கோட்டு வந்தது, உனக்குச் சேலை போனது. உன் பக்கம் வரவு என்று ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் என்னை எழுதி வை, திரும்பி வந்து சேருவேன்.