பாதிக் கிணறும் முழுப் பட்டாவும்

என் ஆசை அக்கா,

பட்டா வந்துவிட்டது. உன் மகள் செல்வியின் பெயரில், தனிப் பட்டா! உத்தரவின் நகல் கைக்கு வரும்வரை வாய் திறக்காதீர்கள் என்று கட்சிக்காரர்களை அடக்குகிற வக்கீல் நான், முதல் வரியிலேயே கொட்டிவிட்டேன். நகலும் கையில் இருக்கிறது, ஆகவே தவறில்லை.

சுரங்கத்திற்காக ஜெயங்கொண்டம் பக்கத்து நிலங்களை விட்டு, வேப்பந்தட்டை அருகே மாற்று நிலத்தில் குடியேறிய நாள்முதல் நம் ஊரார் அனைவருக்கும் ஒரே கூட்டுப் பட்டாதான். எந்தத் துண்டு யாருடையது என்று கணக்கில் இல்லாததால் பயிர்க்கடன்கூடக் கிடைக்கவில்லை. "எம் பேரு மட்டும் இருக்கிற காயிதத்த எப்படா காட்டுவ?" என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடிவிட்டாயே!

இதற்கிடையில் ஒரு கண்டம். பிரித்து அளந்து கல் நட்டபோது, நீயும் பக்கத்து நிலத்துக் கோவிந்தனும் சேர்ந்து வெட்டிய கிணறு முழுவதும் அவர் எல்லைக்குள் விழுந்தது. எழுத்து ஏதுமில்லை. கிணறு இல்லாமல் செல்வி எப்படிச் சின்ன வெங்காயம் போடுவாள்? நான் மனத்துக்குள் சாட்சிகளைத் தேடத் தொடங்கினேன். தண்ணீர் முறைக்காக நீ ஓயாமல் மல்லுக்கு நின்ற மனிதரல்லவா அவர்?

கோவிந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"என்ன வக்கீலே, மூஞ்சி சுருங்கிடுச்சு? அக்காகூட சண்ட போட்டது முறைக்குத்தான். கெணத்துல பாதி அதுக்கு இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? எழுதுங்க."

அவர் மனைவி விடவில்லை. "மோட்டார் கொட்டாய்க்குப் போற பாதையையும் சேத்து எழுதுங்க தம்பி. நாளைக்கு எம் மருமவ வந்து வழிய மறிச்சா?"

"இன்னும் வராத மருமவளுக்கு இப்பயே நோட்டீசா?" என்றார் அவர்.

நான் கேட்கத் தயங்கியதை அந்த அம்மாளே கேட்டுவிட்டார். பாதிக் கிணறு, பாதை, நாள்விட்டு நாள் முறை என்று எழுதி நேற்றுப் பதிவும் செய்தாயிற்று. இரு வீட்டாரும் கையெழுத்திட்டார்கள்.

செல்வி விதை வெங்காயம் வாங்கிவிட்டாள். "நாளைக்கு எங்க முறை மாமா. கோர்ட்டுக்கு லீவு சொல்லிட்டு வாங்க, நீங்கதான் மொத மடை தொறக்கணும்" என்கிறாள். சொல்லிவிட்டேன் அக்கா!

வாக்குக் கொடுப்பதில் நான் எச்சரிக்கையானவன். இதைத் தயங்காமல் தருகிறேன்: செல்வியின் முறையன்று அந்தத் தண்ணீரை யாரும் மறிக்க விடமாட்டேன். கோவிந்தனின் முறையன்று செல்வி மறிக்கவும் விடமாட்டேன். உன் மகளல்லவா, அதையும் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

செல்வியின் தாய்மாமன்,
உன் தம்பி இராசேந்திரன்