உதிர்ந்த இலைக்கு வைத்த பெயர்

என் அன்பானவருக்கு,

நலம்தானே? முதுகுவலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். போன வாரம் நான் வேலை பார்க்கும் செடிக்கடையைப் பெருக்கும்போது, தடித்த இலை ஒன்று உதிர்ந்து கிடந்தது. மண்ணில் வைத்தாலே வேர்விடும் ஜாதி. அதைப் பையில் போட்டதை மேற்பார்வை பார்க்கும் அக்கா பார்த்துவிட்டார்.

“என்னம்மா, திருட்டா?”

“இல்லக்கா, அனாதையா கிடந்துச்சு. தத்து எடுத்துக்கிட்டேன்.”

கடையே சிரித்தது. அன்றிலிருந்து உதிர்ந்த இலை, ஒடிந்த கொம்பு எதை வீட்டுக்கு எடுத்துப்போனாலும் இங்கே ‘தத்து’தான். “இன்னைக்கு எத்தனை தத்து?” என்று கல்லாவில் இருப்பவர்கூடக் கேட்கிறார். நானும் சிரிக்கிறேன்.

அந்தச் சொல் என் வாயில் ஏன் வந்தது என்று இவர்களுக்குத் தெரியாது. நாற்பது நாள் நம் வீட்டில் வளர்ந்த குழந்தையை, பெற்றவள் மனம் மாறி வந்து வாங்கிப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் பிள்ளை, அவள் கேட்டாள். குறை சொல்ல என்ன இருக்கிறது?

தைலம் தீர்ந்தால் உடனே வாங்கிவிடுங்கள். கொசுவலைக் கிழிசலைத் தைக்கக் கொடுங்கள். தொட்டிலை யாராவது கேட்டால் கொடுத்துவிடுங்கள். கேட்காவிட்டால், நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி