ஆறும் முன் திறந்த உலை

செவ்வாய், இரவு பத்தரை

உடம்பெல்லாம் அசதி. வேலை என்று பார்த்தால் இன்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் பீங்கான் செல்களைப் பெரம்பலூரில் எங்கள் கூடத்தில் சுடுகிறோம். முன்பு ஒரு தட்டு செல்கள் வெந்து ஆற இரண்டு நாளாகும். புது முறையில் ஒரே பகலில் முடிந்துவிடும். நேற்றுதான் முதன்முதலாக அப்படிச் சுட்டோம். இன்று காலை மை தடவிப் பார்த்தால், பன்னிரண்டு செல்களில் ஒன்பதில் முடி போல விரிசல்.

இந்த முறைக்காக ஒரு வருடமாக உழைத்தவர் எங்கள் இன்ஜினியர் கவிதா மேடம். "வேகமாச் சுட்டா தாங்காது போலருக்கு. பழையபடியே போயிடலாம்," என்று சொல்லிவிட்டு, அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. மதியம் எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"மேடம், நேத்து செல்லு ஆறறதுக்கு முன்னாடியே உலையைத் திறந்துட்டேங்க. அரியலூர் பஸ்ஸை விட்டா அப்புறம் எங்க ஊரு விக்கிரமங்கலத்துக்குப் பஸ் கிடைக்காதுங்க."

"எவ்வளவு சூடு இருந்துச்சு?"

"முந்நூறு டிகிரிங்க."

"அப்போ விரிசலுக்குக் காரணம் வேகமாச் சுட்டது இல்ல," என்றார். பிறகு எழுதியதையெல்லாம் அழித்தார்.

"நாளைக்கு மறுபடி சுடுவோம். கதவை நானே திறந்துக்கறேன்."

ஐந்து வருடமாக உலைக் கதவு என் பொறுப்பு. அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.