யோராமின் பெயரில் விட்டுப்போன எழுத்து

எருசலேம்,
9 மார்ச் 1998

அன்பு மகள் யாயேலுக்கு, அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், டொரொண்டோ குளிரில் நீயும் அப்படியே இருக்கவேண்டும். உன்னோடு பேசாமல் பதினொரு மாதம் இருந்தவனுக்கு இதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. இங்கே பாதாம் மரங்கள் பூத்து உதிர்ந்தும் விட்டன, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, பஸ்கா பண்டிகைக்கு வீடு கழுவ ஆள் வைத்துக்கொள் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள், மேல்வீட்டில் பியானோ வாங்கியிருக்கிறார்கள், ஒரே பாட்டுத்தான்.

போன ஏப்ரலில் நான் போனில் சொன்னது உனக்கு மறந்திருக்காது. நம் வேதமான தோராவின் எழுத்துகளை இடைவெளி இல்லாமல் கணிப்பொறியில் வரிசையாக நிறுத்தி, இத்தனை எழுத்துக்கு ஒன்று என்று தாண்டித் தாண்டிப் படித்தபோது உன் அண்ணன் யோராமின் பெயரும், பக்கத்திலேயே அவன் லெபனானில் உயிர்விட்ட மாதமும் வந்தன என்று அழுதேன். நீ புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவள், மெதுவாகத்தான் சொன்னாய், "அப்பா, இப்படித் தேடினா எந்தத் தடிப் புத்தகத்துலயும் எந்தப் பேரும் கிடைக்கும், அதுல அண்ணன் இல்லப்பா" என்று. நான்தான் "அவனை ரெண்டாவது தடவையும் சாகடிச்சிட்டே" என்று போனை வைத்தேன். அதன்பின் நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா எடுத்தாள், நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பத்திரிகைகளில் பேராசிரியர்கள் இதைப்பற்றி அடித்துக்கொண்டார்கள், நான் எனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் படித்தேன். அச்சடித்த அந்தத் தாளைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வியாழக்கிழமை கூடும்போது எல்லோருக்கும் காட்டினேன்.

அங்கே ஸிவியா என்று ஒரு அம்மா வருவாள். ஜனவரியில் என்னிடம், "எங்க அம்னோன் பேரையும் கொஞ்சம் தேடுங்க, எல்கானா. உங்க பிள்ளைய எழுதி வெச்ச கடவுள் என் பிள்ளைய மறந்திருப்பாரா?" என்று கேட்டாள். மூன்று நாள் உட்கார்ந்தேன். பெயர் வந்தது, மாதம் பக்கத்தில் இல்லை. மாதத்தை விட்டு ஊரைத் தேடினேன், அதுவும் இல்லை. பிறகு பெயரில் 'ஓ' ஓசைக்கு நிற்கிற வாவ் எழுத்தை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தேன், மாதத்தையும் வேறு மாதிரி எழுதினேன், உடனே இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்து நின்றன. எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், நான் சட்டைப்பையிலிருந்து யோராமின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யோராமுக்கும் இதைத்தான் செய்திருந்தேன் யாயேல். அவன் தன் பெயரை ஒருநாளும் வாவ் இல்லாமல் எழுதியவன் இல்லை, பள்ளி நோட்டுகளை எடுத்துப் பார்த்துவிட்டேன். கிடைக்கிறவரை மாற்றிக்கொண்டே இருந்தது நான்தான், எனக்கு யாரும் எதையும் சொல்லியனுப்பவில்லை.

ஸிவியாவிடம் அம்னோன் பெயர் வந்த தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மேஜைத் துணியை நீவிவிட்டு, "அப்ப ரெண்டு பேருமே அங்க இல்ல. சரி உட்காருங்க, டீ போடறேன். உங்க யோராம் எப்படி இருப்பான்? இத்தனை மாசமா தாளைத்தான் காட்டினீங்க, பிள்ளையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். சொல்ல வாயெடுத்தேன். உயரம், சீட்டியடிப்பான், வெங்காயம் பொறுக்கிப் போடுவான், தண்ணீரைக் கண்டால் பயம். அதற்குமேல் எனக்கு வரவில்லை மகளே. இருபது வயது வரை என் வீட்டில் இருந்த பிள்ளை.

அவன் பட்டாளத்துக்குப் போகிறவரை நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பீர்கள், நான் சுவரில் தட்டி வாயை மூடச் சொல்வேன். என்ன பேசினீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன். நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளத்தான் எழுத ஆரம்பித்தேன், ஆனால் அதைவிட எனக்கு இதுதான் வேண்டும், உன் கையெழுத்தில் வேண்டும். உன்னைப் பார்க்கவும் வேண்டும், வகுப்புகளை விட்டு இப்போது வர முடியாது என்று தெரிந்தும் கேட்கிறேன்.

கடவுள் உன்னை ஆசீர்வதித்துக் காக்கட்டும், போகிற இடமெல்லாம் உனக்குச் சமாதானம் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அவனைப் பற்றி எழுதும்போது நல்லதாகப் பொறுக்கி எழுதாதே, எல்லாவற்றையும் எழுது.

உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
எல்கானா