கேற்றடியில் நின்றவர்கள்

கிளிநொச்சி
2024.06.03

அன்பின் கௌசலா,

சுகம்தானே? மகள் யதுர்ஷிகாவின் இருமல் மாறிவிட்டதா? போன் எடுத்தால் நீ பதில் தருகிறாய் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீ எங்கள் காமன்ட் தொழிற்சாலைக்கு வேலை கேட்டு வந்ததும், "ஓ.எல். பாஸ் இல்லாட்டி உள்ளுக்கு விடேலாது" என்று காவலாளி கேற்றடியிலேயே திருப்பி அனுப்பியதும் எனக்குப் பின்னேரம்தான் தெரியும். ஆள் எடுக்கும் பகுதியில் நான் இருந்தும் இப்படி நடந்துவிட்டது. அந்த விதி கொழும்பிலிருந்து வந்தது. மெஷினில் இருந்து தைப்பதற்கு வரலாறும் விஞ்ஞானமும் எதற்கென்று எனக்கும் விளங்கவில்லை.

உன் ஜொஹறா


கண்டாவளை
2024.06.11

அன்பின் ஜொஹறா,

பிள்ளைக்குச் சுகம். எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய்.

காவலாளி பகிடியாகக் கேட்டான், "பதினாறு வயசில என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று. ஓ.எல். சோதனை எழுத வேண்டிய வருஷம் நாங்கள் ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் இருந்தோம். சண்டை முடிந்து, முகாமிலிருந்து வந்து நெளுக்குளத்தில் உங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தபோது, நீ பள்ளிக்கூடம் போவாய். நான் ஒரு காலை இழந்த அப்பாவோடு நிற்பேன். உனக்கு இதெல்லாம் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? "ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"வயல் வேலை இருக்குத்தானே, விடும்" என்கிறார் இவர். அறுவடை முடிந்தால் அதுவும் இல்லை.

கௌசலா


கிளிநொச்சி
2024.06.24

அன்பின் கௌசலா,

நல்ல செய்தி! மனேஜர் தயாபரனோடு கதைத்தேன். "உங்கட சிநேகிதியெண்டா எடுப்பம்" என்றார். ஓ.எல். பற்றிக் கேட்கமாட்டார்கள். திங்கட்கிழமை காலை வா. வேறு ஒருவருக்கும் சொல்லாதே.

ஜொஹறா


கண்டாவளை
2024.06.27

அன்பின் ஜொஹறா,

நான் வரமாட்டேன்.

அன்று கேற்றடியில் என்னோடு எங்கள் ஊர் அழகம்மாவும் இன்னும் நாலு பேரும் நின்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், வேலை கிடைத்தால் மத்தியானம் சாப்பிடவென்று கட்டி வந்த புட்டை அழகம்மா எங்களுக்குப் பங்கு போட்டுத் தந்தாள். நான் மட்டும் களவாக உள்ளே போய்விட்டு அவளின் முகத்தில் எப்படி முழிப்பது? எங்கள் எல்லாருக்கும் ஒரு துணியைத் தந்து தைக்கச் சொல்லுங்கள். தைக்கத் தெரிந்தவர்களை எடுங்கள்.

நீ எனக்காகப் போய்க் கேட்டாய். இதை வாசிக்க உனக்கு நோகும். ஆனாலும் வரமாட்டேன்.

கௌசலா


கிளிநொச்சி
2024.08.05

கௌசலா,

நொந்ததுதான். இனி உனக்கு எழுதுவதில்லை என்றும் இருந்தேன். பிறகு திரும்பவும் மனேஜரிடம் போனேன். "பிள்ளை, உங்கட வேலையையும் யோசியுங்கோ" என்றார். "யோசிச்சுத்தான் வந்தனான் சேர்" என்றேன். அவர் கொழும்போடு கதைத்தார். இந்த முறை விளம்பரத்தில் ஓ.எல். கேட்கவில்லை. தைக்க வைத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

எல்லாரும் வாருங்கள்.

ஜொஹறா


கண்டாவளை
2024.08.27

அன்பின் ஜொஹறா,

நேற்று நீ வெளியே வந்து பெயர்களை வாசித்தாய். அழகம்மாவையும் மற்ற நாலு பேரையும் எடுத்துவிட்டார்கள். என் பெயர் இல்லை. என்னைப் பார்க்காமலே நீ உள்ளே போய்விட்டாய். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் தையல் கோணல், ஜொஹறா. அந்த மெஷினின் வேகத்துக்கு என் கை ஓடவில்லை. மேற்பார்வை பார்க்கிற அக்கா துணியைத் தூக்கிப் பிடித்து, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் பழகிப்போட்டு வாங்கோ" என்றா. அவா சொன்னது சரி.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்தான். பிறகு யோசித்தேன். இவ்வளவு காலத்தில் நான் செய்ததைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொன்ன முதல் இடம் இதுதான். அந்த "இல்லை"யை என்னால் தாங்க முடிகிறது.

அழகம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய மெஷினில் பழகச் சொல்லியிருக்கிறாள். நீயும் ஒரு ஞாயிறு வா, மத்தியானம் இங்கேயே சாப்பிடலாம். தை மாதம் திரும்ப ஆள் எடுப்பீர்கள் என்றால் சொல்லு. கேற்றடியில் நிற்பேன்.

உன் கௌசலா