சிலந்தி இல்லாத வயல்

1975 ஆகஸ்ட் 29

ஹேடோ துறைமுகத்துக்கு மெயின்லேண்ட் கப்பல் வந்துவிட்டதாம். ரங்கத் பஜாருக்குப் போன என் வீட்டுக்காரர் கண்ணையா பூச்சிமருந்தை டின் டின்னாகத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஒன்று போதாதா என்றேன். "அடுத்த கப்பல் எப்ப வருமோ, யாருக்குத் தெரியும்?" என்கிறார். இந்தத் தீவில் உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். கப்பல் வந்தால் கிடைத்ததை அள்ளு. சரி, உப்பை அள்ளலாம். விஷத்தை அள்ளி எங்கே வைப்பது? அடுப்படியிலா?

செப்டம்பர் 2

நெல்லில் அங்கங்கே நாலு இலை சுருண்டிருக்கிறது. அவ்வளவுதான். புழு இருந்தால் அதைத் தின்னச் சிலந்தியும் தட்டானும் இருக்கின்றன. அதற்குப் போய் மருந்தடிக்கிற பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். சொன்னால் கேட்டால்தானே.

செப்டம்பர் 9

மறுபடியும் அடித்தார்! புழுதான் செத்துப்போயிற்றே, பின்னே எதற்கு? மழையில் டின் துருப்பிடிக்கிறதாம், ஒழுகி வீணாய்ப் போய்விடுமாம். வீணாகாமல் இருக்க வயலில் கொட்டுகிற புத்திசாலியை இன்றுதான் பார்க்கிறேன். ஊரில் பாதி ஆம்பிளைகள் இதையேதான் செய்கிறார்கள். மருந்து வாங்கச் சொன்ன சர்க்கார் ஆள், கிராம சேவக் பாலசுப்பிரமணியம், குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று, "தூர் வரைக்கும் நல்லா நனையட்டும்" என்று சொல்லிக்கொடுக்கிறான்.

செப்டம்பர் 11

பக்கத்து வயல் நீலாவதி தீதி வாசலில் வந்து நின்று கத்தினாள். வங்காளத்துக்காரி, அவர்கள் பேச்சில் தீதி என்றால் அக்கா; வயல் மீனை நம்பிக் குடும்பம் நடத்துகிறவள். எங்கள் வயல் தண்ணீர் வடிந்து அவள் மீனெல்லாம் செத்து மிதக்கிறதாம். "பங்கஜம், மேரா பச்சா லோக் க்யா காயேகா?" பிள்ளைகள் எதைத் தின்னும்? இவர் உள்ளே உட்கார்ந்து, காதே கேட்காத மாதிரி பீடி பற்ற வைக்கிறார். தீதி வரப்பில் மடையை அடைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் வயலில் யாரும் பம்போடு கால் வைக்கக்கூடாதாம்.

செப்டம்பர் 12

வீடெல்லாம் மருந்து நெடி. சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 6

வயலுக்குப் போனேன். தவளைச் சத்தமே இல்லை. நெல்லை விலக்கினால் கையில் ஏறுமே சிலந்தி, அது ஒன்றுகூட இல்லை. தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே, பழுப்பாய்ப் பொடிப்பொடியாய்ப் பூச்சி மொய்க்கிறது. ஊதினால் தத்துகிறது. புகையான்! தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வயலாய்க் கருக்கின பூச்சி. ஓடி வந்து சொன்னால், "இன்னொரு தடவை அடிச்சாப் போச்சு" என்கிறார் மனுஷன்.

அக்டோபர் 10

அடித்தார்.

அக்டோபர் 24

கதிர் பால் பிடிக்கிற நேரம். வயலில் வட்டம் வட்டமாய்க் கருகிக் கிடக்கிறது, தீ வைத்த மாதிரி. பாலசுப்பிரமணியத்தை வரப்பிலேயே மறித்துக்கொண்டேன்.

"முட்டை தண்டுக்குள்ள இருக்கும்மா. மருந்து அங்க போகாது. அது பொரிச்சு வருது."

"அப்ப செத்தது யாரு?"

"சிலந்தி, அது இதுன்னு... அதெல்லாம் போகத்தான் செய்யும்."

போகத்தான் செய்யுமாம்! புகையானைத் தின்கிறதைக் கொன்றுவிட்டுப் புகையானை வளர்த்திருக்கிறோம், அதுவும் சொந்தச் செலவில். டின்னைத் தலையில் கட்டும்போது இதைச் சொல்ல வாய் வலித்ததா? மேலதிகாரி சொன்னதைத்தான் செய்கிறேன் என்கிறான். நீ என்ன வேணா செய்யி, எங்க சோத்துல கை வைக்காதேன்னு கத்திட்டேன்.

நவம்பர் 15

நீலாவதி தீதியின் வயலில் எங்கள் பக்கத்து ஓரம் மட்டும்தான் கருகியிருக்கிறது. உள்ளே கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தன் வரப்பில் நடந்து போய்விட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டிசம்பர் 8

அறுத்ததில் பாதிக்குமேல் பதர். விதைக்கு எடுத்து வைத்தால் சோற்றுக்கு இல்லை. வைக்கோலை மாட்டுக்குப் போடவும் பயமாக இருக்கிறது. இவர் ஹேடோவில் மூட்டை தூக்கக் கிளம்பிவிட்டார். காடு வெட்டித் திருத்தின நிலம் இங்கே கிடக்க, கப்பல் துறையில் கூலி வேலை. படகில் ஏறும்போது, "உடம்பப் பாத்துக்க" என்றார். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

1976 ஜனவரி 15

பொங்கலுக்கு வந்திருக்கிறார். ரேஷன் அரிசியில் பொங்கினேன். நிலம் கிடைத்த பிறகு இப்படிப் பொங்கினது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 18

பள்ளிக்கூடத்தில் கூட்டம். அடுத்த வெள்ளாமைக்கு மருந்து வேண்டுமென்றால் இப்போதே பேர் கொடுக்க வேண்டுமாம். கப்பலைத் தவறவிட்டால் கிடைக்காது என்று பாலசுப்பிரமணியம் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குக் கையைத் தூக்கினார்கள். வயல் கருகினவர்களும்தான்!

"கண்ணையா, உங்களுக்கு எத்தனை டின்?"

இவர் எழுந்தார். பொம்பிளைகள் பக்கம் உட்கார்ந்திருந்த நானும் எழுந்துவிட்டேன். ஒன்று என்று சொன்னால்கூட அங்கேயே மானத்தை வாங்கியிருப்பேன்.

"வேணாம்."

"ஒண்ணுகூடவா?"

"எங்க வரப்புல பம்பை வைக்காதீங்க."

யாரோ சிரித்தார்கள். உன் வயல் பூச்சி எங்க வயலுக்கு வந்தா என்ன பண்ணுவே என்று ஒருத்தர் எகிறினார். இவர் உட்கார்ந்துகொண்டார்.

வருகிற வழியில், "இதைச் செப்டம்பர்ல சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன். "தப்புதான்" என்றார். நாளைக்குப் படகு, திரும்பவும் மூட்டை. அவர் வேட்டியைத் துவைத்து மடித்து வைத்தேன். கோபம் இன்னும் போகவில்லை. "மழை விழுந்ததும் வந்துடுங்க, நாத்து விடணும்" என்று மட்டும் சொன்னேன்.