ஸம்றாட வீட்டுக்கு ஒரு சட்டத்தரணி

அன்பு மகன் றிஸ்மிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்ட உடம்பும் மனமும் சுகமாயிருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன், எங்கள் சுகத்தை மட்டும் கேட்காதே. நீ போனை எடுக்கிறாயில்லை, அனுப்பிய வொய்ஸும் கேட்காமலே கிடக்கிறது, அதனால்தான் கட்டாருக்குத் திரும்புகிற மருதமுனை றஸாக்கின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கல்முனைக் கோட்டிலிருந்து எனக்கும் உன்ட தங்கச்சி ஸம்றாவுக்கும் அழைப்பாணை வந்திருக்கிறது. நாங்கள் இருக்கிற இந்த வீட்டைப் பங்கு பிரிக்க வேண்டுமாம். வழக்காளி என்ற இடத்தில் உன்ட பேர், மகன். உனக்காக நின்று நடத்த நீ எழுதிக் கொடுத்த அற்றோணித் தத்துவத்தைக் காட்டி உன்ட மச்சான் காலிதீன்தான் வழக்குப் போட்டிருக்கிறான். நீ அறிந்துதான் செய்தாயா, அறியாமல் செய்தாயா? யா அல்லாஹ், அதை வாசித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஸம்றாட நிக்காஹ் அன்று பள்ளிவாசல் மரைக்காயர்மாருக்கு முன்னால் வைத்து, இந்த வீடு மகளுக்கு என்று உன்ட வாப்பா சொன்னார், நீயும் பக்கத்தில்தான் நின்றாய். மகளுக்கு வீடு கொடுப்பதும் மகன் பெண்சாதி வீட்டுக்குப் போவதும் ஊரறிந்த வழக்கம், இதுக்கு என்னத்துக்கு நொத்தாரிசு என்று மனுசன் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதாமலே மவுத்தாகிவிட்டார். சரீஆப்படி உனக்குப் பங்கு இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் உன்ட பெண்சாதி நஸ்லாவுக்கு வாப்பா கொடுத்த வீட்டில் அவட கூடப்பிறந்த இந்தக் காலிதீன் பங்கு கேட்டானா? அந்த வீட்டில்தானே நீ மாப்பிள்ளையாகப் போய் இறங்கினாய்! நம்மட வளவோ சின்னது, பிரிக்க முடியாவிட்டால் ஏலத்தில் விற்றுவிடுவார்களாம். ஸம்றா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவாள்? அவள் சோறு தண்ணியில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோட்டுக்கு முன்னாலுள்ள லோயர்மார் வாசலெல்லாம் ஏறி இறங்கிவிட்டேன். ஸம்றாட மாப்பிள்ளை கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும், பீசுக்கு எங்கே போவது? வசதியில்லாதவர்களுக்குக் காசில்லாமல் வழக்குப் பேசுகிற அரசாங்க இடமொன்று இருக்கிறது என்று அஸ்வெசும உதவிக் காசுக்கு வரிசையில் நின்ற ஒருத்தி சொன்னாள். அதற்கு வருமானம் குறைவென்று கிராம சேவகரிடம் கடிதம் வேண்டும். அவரிடம் போனால், மகன் கட்டாரில இருக்கார், உங்களுக்கென்ன குறை என்கிறார். அந்த மகன்தான் வழக்காளி என்று அத்தனை பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வேன்? நாளும் பொழுதும் நடந்து, கெஞ்சி, அழுது வாங்கினேன்.

காசில்லாமல் வழக்குப் பேசுகிற அந்த இடத்தில் மதுஷன் என்று காரைதீவுத் தம்பி ஒருவர் சட்டத்தரணியாக இருக்கிறார், பொறுமையான பிள்ளை. அழைப்பாணையைப் பார்த்துவிட்டு, இந்த றிஸ்மி உங்களுக்கு என்ன முறை அம்மா என்று கேட்டார். ஊர் உன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று, தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டேன். அப்படியெண்டா இவருக்கு இதில எப்படிப் பங்கு வரும் என்று அவர் கேட்க, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தப் பிள்ளை எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தது.

அவர் வழக்குக்கு மறுமொழி எழுதி வைத்திருக்கிறார், அதில் நான் கையெழுத்து வைக்க வேண்டும். பேனையைப் பிடித்தேன், உன்ட பேரைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். வருகிற வியாழன் வழக்குத் தவணை. அங்கேயுள்ள நம்மட தூதரகத்துக்குப் போய்க் காலிதீனுக்குக் கொடுத்த தத்துவத்தை ரத்துச் செய், வழக்கை வாபஸ் வாங்கு, நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். புதன்கிழமைக்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் நான் கையெழுத்து வைப்பேன் மகன். பெற்ற வயிறு எரிய எரிய வைப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் குடி, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல மனதையும் தரட்டும். வழக்கைக் கூப்பிடும்போது உன்ட பேரையும் என்ட பேரையும் சேர்த்துத்தான் சத்தமாகக் கூப்பிடுவார்களாம், அதற்கு முன்னால் நீ என்னை ஒருமுறை உம்மா என்று கூப்பிட்டுவிடு.

உன்னைப் பெற்ற உம்மா,
ஸுலைஹா
சாய்ந்தமருது